அம்மாவுக்கு இரண்டு ஊரில் அஞ்சலி

1

முதலில் நான் நம்பிய மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்லும்போது அது இன்னும் மோசமாகக் கேட்கிறது. என் அம்மா இறந்துவிட்டாள், எடுத்தாகிவிட்டது, படத்துக்கு மாலையும் போட்டாகிவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் நம்பினேன். ஒரு பகல் முழுக்க நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதற்கு விடுப்பும் வாங்கினேன்.

ஆதாரம் இல்லாமல் நம்பவில்லை. மத்திய இங்கிலாந்தில், வெயில் அடித்தால் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஊரில், பார்சல் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் கம்பைநல்லூர். அப்பா போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவர் நினைவு நாளில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புவேன். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலரும் செய்வதுதான். இங்கே காக்காய்க்குச் சோறு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் எலி வருகிறது என்று கவுன்சிலுக்குப் புகார் எழுதுகிறார். அங்கே பணம் அனுப்பினால் வடை பாயசத்தோடு இலை போடுகிறார்கள். சாப்பாட்டுக்கூடத்தின் முன்னால் ஒரு மேசையில் இறந்தவர் படத்தை வைத்து, மாலை போட்டு, பொட்டு வைத்து, மைக்கில் பெயரைச் சொல்லி, எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். பிறகு அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் போட்டோ வந்ததும் 'அப்பாவுக்குச் செய்தாகிவிட்டது' என்று மனத்தைத் துடைத்துக்கொண்டு நான் பார்சல் எண்ணப் போய்விடுவேன்.

இந்த வருடமும் வந்தது. காலை எட்டு மணி இடைவேளை, ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் டீ, ஒரு கையில் போன். போனில் அதே கூடம், அதே மேசை. மேசையில் அப்பா. மாலை, பொட்டு எல்லாம் சரியாக இருந்தது. அவர் பக்கத்தில், அதே சட்டத்துக்குள், அதே மாலைக்குள், அம்மா.

அந்தப் படம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. எழுந்திருந்தால் இந்தக் குறிப்புகளை எழுத வேண்டி வந்திருக்காது.

2

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, இவனுக்கு என்ன கிறுக்கா, அம்மா செத்தால் பிள்ளைக்குச் சொல்லாமல் இருப்பார்களா என்று கேட்கலாம். இருப்பார்கள். நீங்கள்தான் இருப்பீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி சொல்வதில் நம் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. நேராகச் சொல்லக் கூடாது. "கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ" என்று தொடங்க வேண்டும். அடுத்த போனில் "ஆஸ்பத்திரில சேத்திருக்குது" என்பார்கள். விமானத்தில் ஏறும் வரை அவ்வளவுதான். இறங்கி, கார் ஊருக்குள் திரும்பும்போது, தெருவில் போட்டிருக்கும் பந்தல் மீதியைச் சொல்லும். அப்பா விஷயத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லியிருந்ததால் பெங்களூரில் இறங்கியதும் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டேன். பழப்பையோடு சாவுப் பந்தலுக்குள் நுழைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நுழைந்தவன் அப்பாவைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். அழ வந்தவர்கள் பாதிப்பேர் என்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓட, அப்பா கொஞ்ச நேரம் ஆளில்லாமல் கிடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆகவே எனக்குச் சொல்லாமல் இருக்க அவர்களுக்கு ஒன்றல்ல, இரண்டு காரணங்கள் இருந்தன.

3

அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் அடித்தது. அம்மா போனைச் சுருக்குப்பை மாதிரி கூடவே வைத்திருப்பவள். குளிக்கப் போனாலும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

தங்கச்சி செல்விக்குப் போட்டேன். அரூரில் இருக்கிறாள், டைலர் கடை வைத்திருக்கிறாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். முதல் மணியிலேயே எடுத்தாள். அதுவே எனக்குச் சந்தேகம்.

"அம்மா எங்க?"

"தூங்குதுண்ணா."

"இந்நேரத்துலயா?"

"வெயிலு தாங்கல. படுத்திருக்குது."

"எழுப்பு, பேசணும்."

"எதுக்குண்ணா எழுப்பற. பாவம், தூங்கட்டும்."

அந்தப் 'பாவம்' எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. உயிரோடிருக்கும் என் அம்மாவைச் செல்வி ஒரு நாளும் பாவம் என்று சொன்னதில்லை. அழுத்தக்காரி, கல்லுளிமங்கி என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டுக் கடந்த ஒரு மாதத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அம்மாவை வீடியோவில் பார்த்தே நாளாயிற்று. கேட்டால் டவர் இல்லை, கேமராவில் தண்ணீர் போய்விட்டது, பேத்தி நல்ல போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று வெறும் குரல்தான். பின்னணியில் நாலைந்து பேர் இருமுவது கேட்கும். டிவி சத்தம் என்பாள். எந்த சேனலில் இத்தனை பேர் இருமுகிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகக் கம்பைநல்லூரில் எதிர்வீட்டுக் கோவிந்தண்ணனைப் பிடித்தேன். அவருக்குப் பொய் சொல்ல வராது, இனிப் பழகும் வயதும் இல்லை. நான் நாசூக்காக, வீட்டுப் பக்கம் எல்லாம் சௌகரியம்தானே என்று கேட்டேன்.

"உங்க வூடு பூட்டிக் கெடக்குதே தம்பி. ஒரு மாசமாச்சும் இருக்கும்." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "உனக்குச் சொல்லலியா?"

"இல்லீங்கண்ணா" என்றேன்.

"அப்ப நான் சொன்னேன்னு செல்விகிட்ட சொல்லிராத" என்று வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். ஒரு மாதமாக என் அம்மா இல்லை. அந்த ஒரு மாதமும் ஞாயிறுதோறும் என்னோடு போனில் பேசியது யார் என்பது மட்டும்தான் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. பீதியில் இருப்பவனுக்கு அது ஒரு சின்ன விஷயம்.

4

என் மேலாளர் டேவ். பெரிய உருவம், சின்னக் குரல். கேன்டீன் சுவரைப் பார்த்து நான் உட்கார்ந்திருந்ததைக் கண்டு என்ன என்று கேட்டார். அம்மா இறந்துவிட்டாள் என்றேன். என் தோளில் கைவைத்தார். எப்போது என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும், இப்போதுதான் தெரிந்தது என்றேன். யார் சொன்னார்கள் என்றார். இன்னும் யாரும் சொல்லவில்லை என்றேன். இங்கிலாந்துக்காரர்களின் நாகரிகத்தை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். அவர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

விடுப்புக்கு மனிதவளப் பிரிவில் கணினியில் ஒரு விண்ணப்பம் உண்டு. இறந்தவர் பெயர்: மாதம்மாள். உறவு: தாய். இறந்த தேதி என்ற கட்டத்தை நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. கேள்விக்குறி போட்டேன், ஏற்கவில்லை. காலியாக விட்டேன், சிவப்பாக முறைத்தது. அங்கிருந்த ரேச்சல் என்ற பெண் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தோராயமாகக்கூடப் போடலாம், பரவாயில்லை என்று மெல்லச் சொன்னாள். அன்றைய தேதியையே போட்டேன். சொந்தத் தாயின் இறப்புத் தேதியை வசதிக்குத் தக்கபடி நிர்ணயித்த மகன் என்ற பெருமை எனக்கு உண்டு.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டேவ் கிடங்கில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு போய்க்கொண்டிருந்தார். இங்கே ஒரு வழக்கம். யாராவது இறந்தால் பூமாலைக்குப் பதில் அவர் நினைவாக ஒரு தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டுவார்கள். இந்த ஊரில் அது பெரும்பாலும் மேட்டின் மேல் இருக்கும் அந்திமக்கால மருத்துவ இல்லத்துக்குத்தான் போகும். இனிக் குணமாகாது என்று தெரிந்தவர்களைக் கடைசி வரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம். அரசாங்கம் தருவது ஒரு பகுதிதான். மீதி ஊர்க்காரர்கள் போடுவது. பழைய துணிக்கடை நடத்துவார்கள், கேக் விற்பார்கள், மழையில் நடந்துபோய் அதற்கு நன்கொடை வாங்குவார்கள். டேவின் அம்மா அங்கேதான் கண்ணை மூடினார். உன் அம்மாவையும் அங்கே நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்றார் டேவ். வாளிக்குள் போலந்துக்காரர்களும் ருமேனியாக்காரர்களும் போட்டுக்கொண்டிருந்தார்கள். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. அழத்தான் தோன்றியது.

5

வீட்டுக்கு வந்தால் மனைவி வனிதா எனக்கு முன்பே அழுதுகொண்டிருந்தாள். நான் கிடங்கிலிருந்து ஒரு வரி அனுப்பியிருந்தேன், அவள் அதைத் தமிழ்ச் சங்கக் குழுவில் போட்டிருந்தாள். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் டிக்கெட் தேடினேன். மறுநாள் மாலை விமானத்தில் இடம் கிடைத்தது.

மகள் தாரிணி பள்ளிவிட்டு வந்தாள். பதினைந்து வயது. என்னோடு பேசுவதற்கு ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை எடுப்பாள். அன்று இரண்டையும் எடுத்தாள்.

"அப்பா, பாட்டி காலியா?"

அவளுக்குத் தமிழ் வந்தது படங்களிலிருந்து. இறந்துபோவதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சொல் அதுதான். வேறு நாளாக இருந்தால் வனிதா கத்தியிருப்பாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"யார் சொன்னாங்க?"

போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்தப் போட்டோவை அவங்களுக்கு யார் குடுத்தா?"

அதுதான் தெரியவில்லை என்றேன். அவள் கட்டைவிரலால் அந்த வாட்ஸப் உரையாடலை மேலே தள்ளினாள். மூன்று வாரத்துக்கு முன்னால், இல்லத்து அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி: போன வருடப் படம் மங்கலாக இருக்கிறது, வேறு நல்ல படம் இருந்தால் அனுப்புங்கள். அதற்குக் கீழே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே நான் அனுப்பிய பதில்: அப்பாவும் அம்மாவும் அறுபதாம் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாகச் சேர்ந்து நிற்கும் படம். அப்பாவைத் தனியாகப் படம் எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. 'அப்பா நினைவு நாள்' என்று எழுதியிருந்தேன். இதில் அப்பாவை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதவில்லை. அது தானாகப் புரியும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

தாரிணி போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "நம்ம ஃபேமிலில யாரும் எதையும் நேரா கேக்கவே மாட்டீங்களா?" என்று ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கோவிந்தண்ணன் ஞாபகம் வந்தது. வீடு ஏன் பூட்டியிருக்கிறது? அந்த நேரம் பார்த்து அம்மாவே கூப்பிட்டாள்.

"என்னாடா, மத்தியானம் அத்தன தடவ அடிச்சிருக்கற, இப்பத்தான் பாத்தேன். சாமி, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

அவள் குரல்தான். ஆனால் என் அறிவு அன்று சும்மா இருக்கும் நிலையில் இல்லை. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் யார் குரலிலும் பேசும் என்று படித்திருந்தேன். செல்வியின் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஆகவே சோதித்தேன்.

"நான் சின்னதுல எதை முழுங்கினேன், சொல்லு."

"எதன்னு சொல்றது? புளியங்கொட்டையா, சட்டப் பித்தானா, உங்கப்பன் வாட்சு சாவியா? நீ எதடா முழுங்காம இருந்த?"

எந்தக் கம்ப்யூட்டருக்கும் இந்த அலுப்பு வராது. அம்மாதான் என்று வனிதாவுக்குக் கைகாட்டினேன். அப்போது அவளுக்குப் பின்னால் மணி ஒன்று அடித்தது. யாரோ ஒரு பெண், எல்லாரும் மாத்திரை போட்டுக்குங்க என்று கூவினாள்.

"அம்மா, நீ எங்க இருக்கற?"

அந்தப் பக்கம் அதே நாலைந்து இருமல்கள் கேட்டன. பிறகு அம்மா, "விழுந்துட்டேன்டா கொமாரு" என்றாள்.

6

பெங்களூரில் இறங்கி, கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் என்று பஸ் மாறி வந்தேன். இந்த முறை பழம் வாங்கவில்லை. அரூர் பஸ் ஸ்டாண்டில் செல்வி ஸ்கூட்டியோடு நின்றாள். என் சூட்கேஸை முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் உட்காரவைத்து, வழி முழுக்கத் திரும்பாமலே பேசிக்கொண்டு வந்தாள்.

அம்மா கக்கூஸில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நன்றாகவே ஆயிற்று. அதன் பிறகுதான் தொல்லை. வீட்டில் அவளைத் தூக்கி உட்காரவைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் ஆள் கிடைக்கவில்லை. செல்வியின் வீடோ மாடியில். வருடாவருடம் நான் அனுப்பும் போட்டோக்களில் இந்த இல்லத்தைப் பார்த்திருந்ததால் விசாரித்தாள். படுக்கையில் இருப்பவர்களைக் குணமாகும் வரை வைத்துப் பார்த்துக்கொள்ள நாலைந்து கட்டில்கள் இருந்தன. சேர்த்துவிட்டாள். சாப்பாடு போடுகிற வெளிநாட்டுக்காரரின் அம்மா என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் எனக்குச் சொல்லிவிடுவார்கள். அம்மாவின் கட்டளை அப்படி.

"ஏன் எனக்குச் சொல்லல?" என்று அவள் முதுகிடம் கேட்டேன்.

"சொன்னா நீ வந்துருவ. அம்மாவப் பாக்கறதா, உன்னப் பாக்கறதா? அப்பாவுக்கு வந்தியே, ஞாபகம் இருக்குதா?"

பாப்பிரெட்டிப்பட்டி வரை மைல்கற்களைப் படித்துக்கொண்டு வந்தேன்.

இல்லத்து வாசலில் அம்மா நின்றிருந்தாள். நின்றிருந்தாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து வாரக்கணக்கில் எழுந்து நிற்கவே மாட்டேன் என்று அடம் பிடித்ததாக வழியில்தான் செல்வி சொல்லியிருந்தாள். பிசியோதெரபிப் பெண் வரும்போதெல்லாம் தூங்குவதுபோல் கிடப்பாளாம். மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். இப்படியே படுத்துவிட்டால் பிறகு எழவே முடியாது என்று டாக்டர் செல்வியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, நாலு கால் உள்ள வாக்கரைப் பிடித்துக்கொண்டு, எலும்பும் தோலுமாக, என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அறுபதாம் கல்யாணப் படத்தில் பட்டுச்சேலையில் இருந்தவளுக்கும் இவளுக்கும் மூக்கு ஒன்றுதான் பொது. இல்லத்தில் யாருக்கும் படம் அடையாளம் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

"மயக்கம் வருதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வந்தா அந்தப் பக்கமா விழு. இது மேல விழுந்துறாத."

எப்படி நடக்க ஆரம்பித்தாய் என்று கேட்டேன். நடந்தேன், அதில் என்ன இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

இல்லத்தை நடத்தும் சாந்தி மேடம் என்னைப் பார்த்ததும் படத்துக்காக மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது என்றேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு இடத்தைச் சுற்றிக் காட்டினார். ஓர் அறை நிறையப் போர்வை, வேட்டி, சேலை. எல்லாம் தீபாவளிக்கு வந்தவை. மின்விசிறிகளில் சுற்றினாலும் படிக்க முடிகிற அளவுக்குக் கொடுத்தவர்கள் பெயர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் பல வருடத்துக்கு முன்னாலேயே நாள் பிடித்துவிடுகிறார்களாம். சில நாள் ஒரே பகலில் இரண்டு பாயசம் வந்துவிடும். இருப்பவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை.

"சோறு போட ஆளுங்க இருக்குதுங்க சார், குறையே இல்ல" என்றார் சாந்தி மேடம். "ராத்திரில ஒருத்தர புரட்டிப் படுக்க வெக்க ஒரு ஆளு வேணும். இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும். அந்தாளுக்குச் சம்பளம் தரேன்னு யாரும் வர்றதில்ல. அதப் போட்டோ புடிச்சு என்னன்னு அனுப்பறது?"

அம்மாவை நடக்கப் பழக்குகிற பெண்ணுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டேன். தருமபுரியில் ஒரு ரிட்டயர்டு டீச்சர். அவர் கணவர் கடைசி நாட்களில் இங்கே இருந்தவர். அந்தக் காற்றுமெத்தைகள், இந்த வாக்கர்கள் எல்லாம் அந்த டீச்சர் கொடுத்தவை. எதிலும் பெயர் இல்லை. போட்டோ வேண்டாம் என்றுவிட்டாராம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருடம் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாயசம் ஊற்றிவிட்டு, அதைப் போட்டோவில் பார்த்து மனத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து அறிவித்தேன். இனிச் சாப்பாடு கிடையாது. ராத்திரி ஆளுக்குச் சம்பளம், கக்கூஸ்களில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி. நம் வீட்டிலும் கம்பி. இங்கிலாந்தில் எல்லா இடத்திலும் கம்பி இருக்கிறது என்று சொற்பொழிவே செய்தேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "கம்பி போடு. ஆளும் போடு. சோத்த நிறுத்தாத" என்றாள்.

"ஏம்மா? அதுக்குத்தான் நெறைய பேரு இருக்கறாங்களே."

"நிறுத்தாதன்னா நிறுத்தாத. வடையும் போடச் சொல்லு."

எனக்கு விளங்கவில்லை. சாந்தி மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு, மறைத்துப் பயனில்லை என்று, கிடங்கில் வாளி சுற்றிய கதையையும் சொன்னேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அந்த ஊர்லயும் செத்துட்டனா?"

"ஆமாம்மா."

"நெறைய சேந்துச்சா?"

நிறையத்தான் சேர்ந்தது என்றேன். அவளுக்குத் திருப்தி. "பரவால்லியே. என்னப் பாக்காதவங்க இவ்வளவு போட்டிருக்கறாங்க. பாத்தவங்க போட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

7

திரும்பி வந்ததும் டேவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பெரிய உருவம் குலுங்கத் தொடங்கி, ஒரு பார்சல் மேல் உட்கார்ந்தது. அதில் கண்ணாடி, கவனம் என்று ஒட்டியிருந்தது. ரேச்சல்தான் பாவம், என் விடுப்பை மாற்றி எழுத வழி தேடினாள். இறப்பு ரத்து என்ற கட்டம் அந்தக் கணினியில் இல்லை. அலுவலக ஏட்டில் என் தாய் இன்றும் காலமானவர்தான்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மேட்டின் மேல் உள்ள மருத்துவ இல்லத்துக்குப் போனேன். தாரிணியும் கூட வந்தாள். அவர்களுடைய பழைய துணிக்கடையில் அவள் சனிக்கிழமைதோறும் வேலை செய்கிறாள். நம் வீட்டுத் துணியை நீ ஒரு நாளாவது மடித்திருப்பாயா என்று நான் கிண்டல் செய்த வேலைதான் அது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மையாரோடு அவள் பேசிய தோரணையைப் பார்த்து, இவள் என் மகள்தானா என்று எனக்குக் குழப்பம் வந்தது. பணம் போட்டவர்கள் கேட்டால் தருகிறோம், இல்லையென்றால் அது ஏற்கெனவே ராத்திரி நர்ஸ்களின் சம்பளத்தில் சேர்ந்துவிட்டது என்றார் அந்த அம்மையார். இன்னதற்குத்தான் என்று சொல்லாமல் வரும் பணம்தான் தங்களை நிமிர்த்தி வைக்கிறது என்றும் சொன்னார். போட்டவர்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. டேவ் ஒவ்வொருவராக விசாரித்துவிட்டார்.

வரவேற்பறைச் சுவரில் இரும்பில் செய்த ஒரு மரம் இருக்கிறது. யார் நினைவாகப் பணம் வந்ததோ அவர்கள் பெயர் பொறித்த செப்பு இலைகள் அதில். டேவின் அம்மாவுடைய இலைக்கு இரண்டு இலை தள்ளி என் அம்மா. இங்கிலாந்து எழுத்துக்கூட்டலில் 'மதாம்' என்று தொடங்கி, கொஞ்சம் பிரெஞ்சுக்காரி மாதிரி ஆகியிருந்தாள். கழற்றிவிடட்டுமா என்று கேட்டார்கள். அங்கிருந்தே வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு இலையைக் காட்டினேன். இப்போது டவர் நன்றாக எடுக்கிறது.

"இருக்கட்டும் வுடு" என்றாள். "ஒரு நாளைக்கு ஆவும்ல."

சாப்பாட்டை ஏன் நிறுத்தக் கூடாது என்ற கேள்வி மட்டும் எனக்கு மீதி இருந்தது. அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. சாந்தி மேடத்துக்குப் போன் செய்து, தாரிணி மாதிரி நேராகக் கேட்டேன். சொன்னார். பிறகு அம்மாவும் மறுக்கவில்லை.

உண்மையில் அந்த நினைவு நாளில் ஆனது இவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சாந்தி மேடம் மைக்கில், கம்பைநல்லூர் பெரியசாமி அவர்களின் நினைவாக இன்றைய உணவு என்று சொன்னார். அம்மா உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். இந்த வருடம் அவருக்கு ஒன்றும் படைக்க முடியவில்லையே என்று காலையிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்தவள், அப்பாவின் பெயரைக் கேட்டதும் வாக்கரைக் கொண்டுவரச் சொன்னாள். விழுந்த பிறகு அன்றுதான் முதல் முறையாக எழுந்து நின்றாள். பிசியோதெரபிப் பெண் பின்னாலேயே வர, கூடம் வரை போனாள். மாலைக்குள் அப்பாவையும், அவர் பக்கத்தில் தன்னையும் பார்த்து, இது நான்தான் என்று காட்டினாள். பதறிப்போய்ப் படத்தை எடுக்க வந்தவரைத் தடுத்துவிட்டாள். நான் போட்ட போன்களெல்லாம் அப்போது அவளுடைய காலிக் கட்டிலில் அடித்துக்கொண்டிருந்தன. அவள் படத்துக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வடை இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டாள், கொடுக்கவில்லை.